யாருடைய காதுகளுக்காக? இந்திய வாகனங்களின் எஞ்சின் அறையில் காப்புநுரையின் வரலாறு

இன்றைய கார் ஒன்றின் பானெட்டைத் தூக்கினால், அதன் உட்புறத்தில் கறுப்பு மெத்தை போன்ற ஒரு விரிப்பு பிளாஸ்டிக் பொத்தான்களால் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். எஞ்சினின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பல கார்களில் அதன் அடியிலும் நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். ரேடியேட்டரின் ஓரங்களில் நுரைப் பட்டைகள், முன்கண்ணாடியின் அடியில் நீளமான ஒரு நுரைக் கீற்று, முன்சக்கர வளைவுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட பொந்தில் ஒரு நுரைக் கட்டி என இவை பல வடிவங்களில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதுபார்ப்பின்போது தொலைந்தாலும் கார் ஓடும். ஆகவே இவை இருப்பதையும் இல்லாமற்போவதையும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

இந்திய மோட்டார்த் தொழிலின் வரலாறு வழக்கமாக உரிமங்கள், கூட்டு நிறுவனங்கள், எஞ்சின்கள், விற்பனை எண்ணிக்கை ஆகியவற்றின் வழியே எழுதப்படுகிறது. அந்த வரலாற்றில் நுரைப்பஞ்சுக்கு இடமில்லை. ஆயினும் ஓர் எஞ்சின் எழுப்பும் ஓசையும் வெப்பமும் யாரைச் சென்றடையலாம், யாரைச் சென்றடையக் கூடாது என்ற முடிவு இந்தச் சிறு பொருளில்தான் பதிந்திருக்கிறது. எஞ்சினின் ஓசையைக் கேட்போர் மூவர்: காரினுள் அமர்ந்திருக்கும் பயணி, தெருவில் நிற்பவர், வாகனத்தை ஓட்டிப் பிழைப்பவர். இந்தியாவில் முதலாமவருக்கான காப்பைச் சந்தை கொடுத்தது. இரண்டாமவருக்கானதைச் சட்டம் கொடுத்தது. மூன்றாமவருக்கு அது நெடுங்காலம் எவராலும் கொடுக்கப்படவில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுவே.

நுரை செய்யும் வேலை

எஞ்சின் அறையின் நுரை ஓசையைத் தடுக்கிறது என்பது பொதுக் கருத்து. அது பாதியளவே சரி. ஒலியைத் தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. தடுப்பதற்கு நிறை வேண்டும். ஒரு சுவரின் அல்லது தகட்டின் நிறையை இரட்டிப்பாக்கினால், கோட்பாட்டளவில், அதைக் கடந்து செல்லும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எடையற்ற நுரையால் இதைச் செய்ய இயலாது. நுரை செய்வது உறிஞ்சலை. அதன் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் ஒலியலை உள்ளே நுழைகிறது. நுண்துளைகளில் அசையும் காற்று சுவர்களோடு உராய்ந்து, ஒலி ஆற்றல் மிகச் சிறிய அளவிலான வெப்பமாக மாறுகிறது. எஞ்சின் அறை ஓர் இரும்புப் பெட்டி. உறிஞ்சும் பரப்பு இல்லையெனில் ஓசை அதன் சுவர்களில் மீண்டும் மீண்டும் எதிரொலித்துப் பெருகும். பானெட்டின் அடியிலுள்ள விரிப்பு அந்தப் பெருக்கத்தைக் குறைக்கிறது. எஞ்சின் அறைக்கும் பயணியர் அறைக்கும் இடையே உள்ள தீச்சுவரில் இரு உத்திகளும் இணைகின்றன: இரும்புத் தகடு, நுரை அல்லது பஞ்சு, அதன்மேல் கனமான ரப்பர் போன்ற ஓர் அடுக்கு.

இந்த உறிஞ்சலுக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும்போது அதில் வினாடிக்கு 100 முறை எரிபொருள் எரிகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். நுண்துளைப் பொருள் ஓர் ஒலியை நன்கு உறிஞ்ச வேண்டுமெனில் அதன் தடிமன் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்க வேண்டும். இந்த ஒலிக்கு அது 85 செ.மீ. எந்தக் காரிலும் அதற்கு இடமில்லை. எனவே எஞ்சினின் தாழ்ந்த உறுமலை அடக்கும் பொறுப்பு ரப்பர் தாங்கிகளுக்கும் சைலன்சருக்கும் உரியது. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியின் அலைநீளமோ 17 செ.மீ. முதல் 8.5 செ.மீ. வரைதான். இரண்டு முதல் நான்கு செ.மீ. நுரை அங்கே திறம்படச் செயல்படும். உலோகத்தின் கடகடப்பும், எரிபொருள் பீச்சுகுழலின் படபடப்பும், டீசலின் தட்டோசையும் பெருமளவு இந்த உயர்ந்த அலைவரிசையில் ஒலிப்பவை. மனிதச் செவியும் இங்கேதான் மிகக் கூர்மையானது.

ஒலியைத் தவிர வேறு மூன்று வேலைகளும் உண்டு. முதலாவது வெப்பக் காப்பு. பானெட்டின் வண்ணப்பூச்சையும், மின்கலத்தையும், பயணியின் கால்களையும் எஞ்சினின் வெப்பத்திலிருந்து காப்பது அது. இரண்டாவது, காற்றுக்கு வழி வகுப்பது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள நுரைப் பட்டைகள் முன்னிருந்து வரும் காற்று இடுக்குகள் வழியே நழுவிவிடாமல் ரேடியேட்டரின் ஊடாகவே செல்லச் செய்கின்றன. எஞ்சின் அறையின் சூடான காற்று முன்புறம் திரும்பி மீண்டும் உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றன. கோடையில் நெரிசலில் நிற்கும் காரில் குளிரூட்டி சரியாக வேலை செய்வதற்கு இந்தப் பட்டைகளும் ஒரு காரணம். முன்கண்ணாடியின் அடியிலுள்ள கீற்று, பயணியர் அறைக்குள் புதுக்காற்று நுழையும் வாயிலில் எஞ்சின் புகை சேராமல் காக்கிறது. மூன்றாவது, பொந்துகளை அடைப்பதும், பிளாஸ்டிக் பாகங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலப்பதைத் தடுப்பதும்.

சணலும் கந்தலும்

பாலியூரித்தேன் வேதியியலை ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1937இல் உருவாக்கினர். வளையும் நுரை வணிகப் பொருளானது 1950களில்தான். அதே பத்தாண்டில்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் தொடரை அடியொற்றிய அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கியது. அந்தத் தலைமுறைக் கார்களின் ஒலிக்காப்பு நுரையைச் சார்ந்ததன்று. நெய்யாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் துணி, தார் கலந்த தகடு, ரப்பர் விரிப்பு ஆகியவையே தரையையும் தீச்சுவரையும் மூடின. எஞ்சின் அறையின் வெப்பம் மிகுந்த இடங்களில் கல்நார் இருந்தது.

உத்தர்பாரா இருக்கும் நிலப்பகுதியை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ஹூக்ளி ஆற்றின் அதே கரையில், சில கிலோமீட்டர் வடக்கே உள்ள ரிஷ்ராவில்தான் 1855இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை நிறுவப்பட்டது. உலகச் சந்தைக்குச் சாக்கும் ஃபெல்ட்டும் தந்த நாரின் நாட்டில் கார் தயாரித்தவர்களுக்கு நார்க்காப்பு அந்நியமான பொருளாக இருந்திருக்க முடியாது. தென்னை நாரை ரப்பர் பாலில் தோய்த்துச் செய்த மெத்தைகளும் இந்திய வாகன இருக்கைகளில் நெடுங்காலம் பயன்பட்டன. இதனினும் முக்கியமானது கந்தல். ஆலைக் கழிவுப் பஞ்சையும் பழந்துணியையும் கிழித்து, ஃபீனாலிக் பிசினிட்டுச் சூடாக அழுத்தினால் விறைப்பான ஒரு தகடு கிடைக்கும். இந்தப் பிசின்-ஃபெல்ட் இன்றும் பல கார்களின் பானெட் விரிப்பாக உள்ளது. வெளியே கறுப்புத் துணி போர்த்தியிருப்பதால் அதைப் பலரும் நுரை என்றே கருதுகின்றனர். ஆகவே 'காப்புநுரை' என்ற சொல் வரலாற்று நோக்கில் ஒரு குடும்பப் பெயர். அதனுள் எண்ணெய் வேதியியலின் நுரையும் இருக்கிறது. நெசவாலையின் குப்பையும் இருக்கிறது.

அம்பாசடரின் எஞ்சின் அறை விசாலமானது. எஞ்சினுக்கும் பானெட்டுக்கும், எஞ்சினுக்கும் பக்கச் சுவர்களுக்கும் இடையே கை நுழைய இடமிருந்தது. பழுதுபார்ப்பவருக்கு அது வசதி. வெப்பமும் எளிதில் வெளியேறியது. போட்டியில்லாத, காத்திருப்புப் பட்டியல் நீண்ட சந்தையில், ஓசையைக் குறைக்கத் தயாரிப்பாளரை நெருக்கியது எதுவுமில்லை. வாங்குபவரும் காரின் ஓசையைக் காரின் இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்.

எஞ்சின் மனிதரை நெருங்கியபோது

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்த அமைப்பை மாற்றியது. மூன்று சிலிண்டர் கொண்ட 796 கன செ.மீ. எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் குறுக்காகத் திருப்பப்பட்டு முன்சக்கரங்களுக்கு நடுவே அடக்கப்பட்டன. எஞ்சின் அறை சுருங்கியது. பயணியின் கால்கள் தீச்சுவரை நெருங்கின. அடுத்த ஆண்டு வந்த மாருதி வேன், பிற்காலத்தில் ஆம்னி எனப்பட்டது, இன்னும் ஒருபடி சென்றது. அதில் எஞ்சின் இருந்தது முன்னிருக்கைகளுக்கு அடியில். இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சினைப் பார்க்க முடியும்.

இத்தகைய வாகனத்தில் காப்பு என்பது வசதிக்குச் சேர்த்த கூடுதல் பொருளாக இருக்க முடியாது. ஓட்டுநரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு தகடும், அதன்மேல் ஓர் அடுக்குக் காப்பும், இருக்கையின் பஞ்சும் மட்டுமே. ஆயினும் ஆம்னியில் நெடுந்தொலைவு சென்றவர்களுக்கு இருக்கையின் சூடு பழக்கமானது. பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சரக்குகளையும் ஏற்றிச் சென்ற இந்த வண்டி இந்தியச் சிறுநகரங்களின் பொது வாகனமாக இருந்தது. அதன் குறைந்த விலையின் ஒரு பகுதியை ஓட்டியவர்கள் தங்கள் உடலில் ஏற்ற வெப்பத்தால் செலுத்தினர் என்று கூறுவது மிகையாகாது.

டீசலின் தட்டோசை

இந்தியக் காருக்குள் நுரையைப் பெருமளவில் கொண்டுவந்தது டீசல். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியிலிருந்து சுடர் படிப்படியாகப் பரவுகிறது. டீசலில் காற்று மிகக் கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அதில் எரிபொருள் பீச்சப்படுகிறது. பீச்சியதற்கும் பற்றிக்கொள்வதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் சேர்ந்த எரிபொருள் ஒருசேரப் பற்றும்போது அழுத்தம் திடீரென ஏறுகிறது. எஞ்சின் கட்டுமானமே சுத்தியலால் அடிபட்டதுபோல் அதிர்கிறது. டீசலின் 'டக்டக்' ஓசைக்கு மூலம் இதுவே. அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக வேண்டியிருப்பதால் அதிர்வும் கூடுதல்.

இதை அடக்க ஐரோப்பா கண்ட ஒரு வழி, எஞ்சினையே போர்த்துவது. 1983இல் அறிமுகமான மெர்சிடஸ் 190 டி கார், உறிஞ்சும் பொருள் பூசிய கவசங்களால் எஞ்சினை முற்றிலும் சூழ்ந்து, 'முணுமுணுக்கும் டீசல்' என்ற பெயரைப் பெற்றது. ஆனால் அது செல்வந்தருக்கான தீர்வு. இந்தியாவில் டீசல் கார் வந்த வழி வேறு. 1980ஆம் ஆண்டை ஒட்டி அம்பாசடரில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டபோது அதை முதலில் விரும்பியோர் வாடகை வண்டிக்காரர்கள். கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருள் செலவே அவர்களுடைய கணக்கு. ஓசை அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. 1998 இறுதியில் வெளிவந்த டாட்டா இண்டிகா டீசலை நடுத்தரக் குடும்பத்தின் காராக்கியது. ஓசையும் அதிர்வும் அதன் விமர்சனங்களில் தொடர்ந்து இடம்பெற்றன, விற்பனையோ குறையவில்லை. வாடகைக் கார் நிறுவனங்களும் அதை விரும்பி வாங்கின.

மாற்றம் 2000களின் பிற்பாதியில் நிகழ்ந்தது. ஃபியட் வடிவமைத்த 1248 கன செ.மீ. மல்டிஜெட் எஞ்சின் ஹரியாணாவின் மானேசரிலும் மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவிலும் தயாராகத் தொடங்கியது. 2007இல் ஸ்விஃப்ட்டில் இடம்பெற்ற பின் அது பல நிறுவனங்களின் கார்களுக்குப் பொது எஞ்சினானது. பொதுக்குழாய்ப் பீச்சலில் ஒவ்வொரு சுழற்சியிலும் முதலில் சிறு துளி, பின் முழு அளவு என எரிபொருளைப் பகுத்துப் பீச்ச முடிந்தது. அழுத்தத்தின் திடீர் ஏற்றம் தணிந்ததால் ஓசை பிறக்குமிடத்திலேயே குறைந்தது. எஞ்சிய உயர் அலைவரிசை ஓசையைக் கவனித்தது நுரை. பீச்சுகுழல்களின்மேல் அமரும் நுரைத் திண்டு, எஞ்சின் மேல்மூடியின் அடிநுரை, தடித்த பானெட் விரிப்பு, தீச்சுவரில் கூடுதல் அடுக்கு ஆகியவை டீசல் வகைக் கார்களின் அடையாளங்களாயின. ஒரே காரின் பெட்ரோல் வகையில் சில வேளை இவற்றிற் சில இல்லாமலிருப்பதை உதிரிபாகப் பட்டியல்கள் காட்டும்.

இந்த எழுச்சிக்குப் பின்னால் இருந்தது விலைக் கொள்கை. 2010 ஜூனில் பெட்ரோலின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசலுக்கோ 2014 அக்டோபர் வரை அது நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விலை வேறுபாடு விரிந்தது. 2012-13இல் புதிய பயணியர் வாகன விற்பனையில் பாதிக்கும் மேல் டீசலாக இருந்தது. மானிய விலையில் டீசல் கிடைத்ததால் டீசல் கார் பெருகியது. டீசல் கார் பெருகியதால் அதன் ஓசையை மறைக்கும் பொருளுக்குச் சந்தை பிறந்தது. உழவருக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் எனச் சொல்லப்பட்ட மானியம், நகர்ப்புறக் காரினுள் அமைதியாக அமர்ந்திருந்தோரையும் சென்றடைந்தது. அந்த அமைதிக்கு நுரை ஒரு சாட்சி.

தெருவின் காது

பயணிக்கான காப்பைச் சந்தை கவனித்தது. தெருவில் நிற்பவர் காரின் வாடிக்கையாளர் அல்லர். அவருக்காகப் பேச ஒரு விதி தேவைப்பட்டது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் கீழ், தயாரிப்பு நிலையிலேயே வாகனங்களுக்கு ஒலி வரம்பு விதிக்கப்பட்டது. 1992க்குள் எட்ட வேண்டிய அந்த வரம்பு கார்களுக்கு 82 டெசிபல். 12 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 91 டெசிபல். 2003 ஜனவரி 1 முதல் காருக்கான வரம்பு 75 ஆகவும், 12 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு 85 ஆகவும் இறங்கியது. 2005 ஏப்ரல் 1 முதல் ஓட்டுநர் உட்பட ஒன்பது இருக்கைகளுக்கு மேற்படாத வாகனங்களுக்கு அது 74 டெசிபல்.

எண்களில் 82க்கும் 74க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். டெசிபல் மடக்கை அளவை. எட்டு டெசிபல் குறைவு என்பது ஒலி ஆற்றல் ஆறில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்குவது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தொழில் முழுவதும் இதைச் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் வடிவமைப்பு, சைலன்சர், காற்று உறிஞ்சும் குழல் ஆகியவற்றின் மேம்பாடு இதில் பெரும்பங்கு வகித்தது. எஞ்சின் அறையிலிருந்து ஓசை கசியும் வழிகளை அடைப்பதில் நுரைக்கும், எஞ்சினின் அடியில் பொருத்தப்படும் கவசத்துக்கும் பங்கு உண்டு.

அளக்கும் முறையும் கவனத்திற்குரியது. ஐஎஸ் 3028 தரநிலையின்படி, திறந்த வெளியில் வாகனம் செல்லும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் இருபுறமும் ஒலிவாங்கிகள் வைக்கப்படுகின்றன. குறிப்பிட்ட வேகத்தில் வரும் வாகனம் அளவைப் பகுதிக்குள் நுழைந்ததும் முழு விசையில் முடுக்கப்படுகிறது. அந்த 7.5 மீட்டரில் நிற்பவர் சட்டம் கற்பனை செய்த குடிமகன். அவர் தெருவோரத்தில், வாகனத்திற்கு வெளியே நிற்கிறார். புதிய வாகனத்தை ஒருமுறை கேட்கிறார். பத்தாண்டு ஓடி, நுரை உதிர்ந்து, விரிப்பு கிழிந்து, கவசம் கழன்ற வாகனத்தை அவர் கேட்பதில்லை. உண்மையான தெருவில் நிற்பவர் கேட்பதோ அதைத்தான். ஹார்ன் ஓசையை இதனோடு சேர்த்தால், வரம்புகள் இறங்கியும் இந்திய நகரத் தெருக்கள் ஏன் அமைதியடையவில்லை என்ற வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைக்கும்.

ஓட்டுநரின் காது

பயணிக்கும் தெருவாசிக்கும் இடையே ஒருவர் அமர்ந்திருந்தார். முன் எஞ்சின் பேருந்தில் எஞ்சினின் பெரும்பகுதி ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஓட்டுநரின் இடப்புறம் எழும் அந்த மூடியையும் மக்கள் பானெட் என்றே அழைக்கின்றனர். ரெக்ஸின் போர்த்திய அதன்மேல் நெரிசல் வேளையில் பயணிகள் அமர்வதும் உண்டு. ரெக்ஸினுக்கு அடியிலுள்ள பஞ்சுதான் ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ஒலிக்காப்பும் வெப்பக்காப்பும். மூடியின் விளிம்பு ரப்பர் தேய்ந்தவுடன் ஓசையும் சூடும் டீசல் நெடியும் நேரே உள்ளே வருகின்றன. ஒருநாள் பயணிக்கு அது சில மணி நேரத் தொல்லை. ஓட்டுநருக்கு அது முப்பது ஆண்டுப் பணிச்சூழல்.

லாரியின் நிலையும் இதுதான். நெடுங்காலம் இந்திய நிறுவனங்கள் லாரியை முழுமையாக விற்கவில்லை. எஞ்சினும் சக்கரங்களும் முன்முகப்பும் கொண்ட அடிச்சட்டத்தை விற்றன. வாங்கியவர் அதைக் கூண்டு கட்டும் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். நாமக்கல்லிலும் கரூரிலும், பஞ்சாப், ராஜஸ்தான் நகரங்களிலும் தச்சரும் கொல்லரும் மரத்தாலும் தகரத்தாலும் அறை கட்டினர். அந்த அறையின் அலங்காரத்தில் கலைத்திறன் வெளிப்பட்டது. ஆனால் ஒலிக்காப்பு எவருடைய பொறுப்பும் அன்று. அறையைக் கட்டுவது தன் வேலையன்று என்று தயாரிப்பாளர் கூறலாம்; எஞ்சின் ஓசை தன்னுடையதன்று என்று பட்டறைக்காரர் கூறலாம். செலவைக் கொடுப்பவர் முதலாளி. ஓசையைக் கேட்பவர் ஓட்டுநர்.

சட்டத்திலும் இந்த இடைவெளி தெரிகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்திற்கு 90 டெசிபல் என்ற வரம்பைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மாதிரி விதிகள் வகுத்தன. ஓடும் லாரி தொழிற்சாலை அன்று. ஓட்டுநருக்கென இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம், ஓய்வறை, உணவகம், சீருடை, முதலுதவி ஆகியவற்றைப் பேசியது. ஓட்டுநரின் காதருகே எவ்வளவு ஓசை இருக்கலாம் என்று அது வரையறுக்கவில்லை. எஞ்சினை ஆலைக்குள் வைத்து இயக்கியவரின் காது சட்டத்தின் கண்ணில் பட்டது; அதே எஞ்சினைச் சாலையில் இயக்கியவரின் காது படவில்லை.

ஓட்டுநரின் நிலை மாறத் தொடங்கியது வேறு காரணங்களால். 2001இல் வால்வோவின் பி7ஆர் பேருந்து வந்தபோது எஞ்சின் பின்புறம் சென்றது. ஓட்டுநர் ஓசையிலிருந்து விடுபட்டார். கடைசி வரிசைப் பயணி அதைப் பெற்றுக்கொண்டார். தயாரிப்பாளரே முழு அறையுடன் லாரியை விற்கும் வழக்கம் பரவியது. நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி கட்டாயம் என்ற ஏற்பாடு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2025இல் நடைமுறைக்கு வந்தது. இது வெப்பத்தைப் பற்றிய விதி. ஆனால் அறையைக் குளிர்விக்க வேண்டுமெனில் எஞ்சினின் வெப்பத்தை வெளியே நிறுத்த வேண்டும். கதவுக் கண்ணாடிகளை ஏற்ற வேண்டும். இடுக்குகளை அடைக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது ஓசையும் குறைகிறது. ஒலியின் பெயரால் கிடைக்காத காப்பு, குளிரின் பெயரால் கிடைத்திருக்கிறது.

நுரையின் மறுபக்கம்

காப்பளிக்கும் பொருளிடமிருந்தே காப்புத் தேவைப்படும் தருணங்களும் இந்த வரலாற்றில் உண்டு. நுரை உருவாகும்போது ஐசோசயனேட்டும் நீரும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த வாயுவே குமிழிகளைத் தருகிறது. மென்மையும் இலேசும் கூட்ட, உலகெங்கும் சிஎஃப்சி-11 போன்ற துணை ஊதுபொருள்களும் சேர்க்கப்பட்டன. அவை ஓசோன் படலத்தைச் சிதைப்பவை. இந்தியா 1992இல் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இணைந்தது. 2000இல் இதற்கான விதிகளை வகுத்தது. 2010 தொடக்கத்திற்குள் சிஎஃப்சி பயன்பாட்டை, சில மருத்துவத் தேவைகள் நீங்கலாக, முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் இடத்தில் வந்த எச்சிஎஃப்சி-141பி 2020 தொடக்கத்துடன் விலக்கப்பட்டது. ஒரு மெத்தைத் துண்டின் குமிழிக்குள் இருந்த வாயுவும் பன்னாட்டு அரசியலின் பொருளாக இருந்திருக்கிறது.

தீ மற்றோர் அபாயம். புதிய நுரையைவிடப் பழைய நுரையே அஞ்சத்தக்கது. கசியும் எண்ணெயையும் டீசலையும் அது உறிஞ்சித் தேக்கிவைக்கும். பற்றினால் விளக்குத் திரிபோல் எரியும். எரியும் பாலியூரித்தேன் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் வெளியிடுகிறது. எனவேதான் வெளியேற்றக் குழாய்க்கு அருகே நுரைக்குப் பதிலாக அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடி இழையும், 200 பாகை செல்சியசுக்கு மேலும் தாங்கும் மெலமின் நுரையும் பயன்படுகின்றன. பேருந்துக் கூண்டுக்கான ஏஐஎஸ்-052 நெறிமுறையும், எளிதில் தீப்பற்றும் ஒலிக்காப்புப் பொருளோ எரிபொருளில் ஊறக்கூடிய பொருளோ, ஊடுருவ முடியாத உறை இல்லாமல் எஞ்சின் அறையில் இருக்கக் கூடாது என்கிறது. ரெக்ஸின் கிழிந்த பானெட்டை மலிவான மெத்தை நுரையால் நிரப்பும் பட்டறைப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

சிறிய எதிரியும் உண்டு. வெதுவெதுப்பும் இருளும் கிழித்துக் கூடுகட்டப் பஞ்சும் ஒருங்கே கிடைப்பதால் எஞ்சின் அறை எலிக்கு நல்ல வீடு. விரிப்பைக் கிழிப்பதோடு அது நிற்பதில்லை, மின்கம்பிகளையும் கடிக்கிறது.

எஞ்சின் இல்லாத அறை

2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது சிறு டீசல் எஞ்சின்கள் பெருமளவு விடைபெற்றன. மின்சாரக் கார்களில் எரிதலின் ஓசையே இல்லை. ஆயினும் நுரை வெளியேறவில்லை. எஞ்சினின் ஓசை மறைத்துவைத்திருந்த மற்ற ஓசைகள், மோட்டாரின் கீச்சொலியும் குளிரூட்டி அழுத்தியின் முனகலும் சக்கரத்தின் இரைச்சலும், இப்போது கேட்கின்றன. அவற்றுக்கும் போர்வை தேவைப்படுகிறது. இதற்கிடையே 2021இல் தொடங்கிய வாகனக் கழிப்புக் கொள்கையின் கீழ் பழைய கார்கள் உடைக்கப்படும்போது இரும்பும் அலுமினியமும் விலைபோகின்றன. உருக்கி மறுவார்ப்புச் செய்ய இயலாத பாலியூரித்தேன் நுரையோ கழிவோடு சேர்கிறது.

தொழில்நுட்ப வரலாற்றைப் பயில்வோருக்கு இந்தப் பொருள் ஆய்வுக்குரிய சான்றுகளை நிறையவே வைத்திருக்கிறது. உதிரிபாகப் பட்டியல்கள், பழுதுபார்ப்புக் கையேடுகள், அரசிதழ் அறிவிக்கைகள், கூண்டு கட்டும் பட்டறைகளின் கணக்கேடுகள், ஓய்வுபெற்ற ஓட்டுநர்களின் செவித்திறன் பரிசோதனைகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கலாம். ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் தயாரித்த காரிலும் லாரியிலும் எத்தனை கிலோ காப்புப் பொருள் இருந்தது, அது எந்தப் பக்கம் நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தது என்று ஒப்பிடுவதே ஒரு நல்ல தொடக்கமாக அமையும். எஞ்சினின் வரலாறு எவ்வளவு வேகமாகச் செல்ல முடிந்தது என்பதைச் சொல்லும். அதைச் சுற்றியிருந்த பஞ்சின் வரலாறு, அந்த வேகத்தின் ஓசையையும் சூட்டையும் யார் தாங்கினர் என்பதைச் சொல்லும்.